எலும்பு நிலையத்தின் இரண்டாம் பட்டியல்

புதுச்சேரியில் எலும்புக்கென்று தனியாக ஓர் அலுவலகம் திறக்கப்போகிறார்கள் என்று 1978-இல் செய்தி வந்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சாராயத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. கடற்கரையில் கொட்டிய கல்லை எண்ணுவதற்குக்கூட ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். எலும்பு மட்டும் என்ன பாவம் செய்தது? பிரெஞ்சுக்கார துரை ஒருவர் காலிசெய்துவிட்டுப் போன மாடி வீட்டைப் பிடித்து, மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, ‘இளையோர் எலும்பு வளர்ச்சி ஆய்வு நிலையம்’ என்று பலகை மாட்டினார்கள். பலகை வாசலைவிட நீண்டுபோனதால் கடைசி எழுத்து பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது. அவ்வளவு தூரம் வாசிக்க ஜனங்களுக்குப் பொறுமையில்லை. எலும்பு நிலையம் என்றே சொல்லிவந்தார்கள்.

பிள்ளைகளின் எலும்பு வளர்வது தாய் தகப்பன் கொடுத்த வாகினாலா, தின்கிற சோற்றினாலா என்று கண்டுபிடிப்பதுதான் நிலையத்தின் வேலை. முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் நின்று இதைக் கேட்டால், கத்தரிக்காய் நிறுத்துகிறவள் தலை நிமிராமலே ரெண்டாலயும்தான் என்று சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லிவிட்டால் இருபத்தாறு உத்தியோகஸ்தர்களை எங்கே உட்கார வைப்பது? ஆகவே மரபுப் பிரிவு மாடியில், ஊட்டப் பிரிவு கீழே என்று பிரித்தார்கள். நடுவே முப்பத்திரண்டு மரப்படிகள். முழங்கால் வலிக்கிற பிள்ளைகளெல்லாம் ஒவ்வொரு முறையும் அந்தப் படிகளில் ஏறி இறங்க வேண்டும் என்பது விதி.

முத்தியால்பேட்டை அம்மாவாசைக்கு இந்த நிலையத்தைப் பற்றிச் சொன்னது பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா.

அம்மாவாசை இருபத்திரண்டு வருஷம் மில்லில் நூல் பிரிவில் இருந்தவர். ஆள் குறைத்தபோது வெளியே வந்து, இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் மூட்டை இறக்குகிறார். பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மில் சங்கு ஊதியபிறகு அவர் வாசலுக்குப் போனதில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும், கல்யாணத்துக்கு மறுநாளானாலும், சங்குக்கு முன்னால் நிற்பார். வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தை வாங்குவதற்கும் அப்படித்தான் போய் நின்றார்.

அவருக்கு ஒரே மகள், வசந்தா. பன்னிரண்டு வயது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. பாதங்களைச் சேர்த்து நின்றால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு செம்பு நுழையும். பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவாள்.

“சாப்பாட்டுல சத்து போதல. எலும்பு இன்னும் வளர்ற வயசு, அதனால பயமில்ல” என்றார் டாக்டரம்மா. “பால், முட்டை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லாம் விடாம குடுத்தா பெரும்பாலும் நிமிர்ந்துடும். ஆனா காலத்துல குடுக்கணும். பொண்ணு பெரியவளாயி ஒண்ணு ரெண்டு வருஷத்துல எலும்பு முனை மூடிக்கும். அப்புறம் பால்லயே குளிப்பாட்டினாலும் நிமிராது.”

பால்மாவும் மாத்திரையும் இலவசமாகக் கொடுப்பதற்கென்றே ஒரு நிலையம் திறந்திருக்கிறார்கள் என்று விலாசமும் எழுதிக் கொடுத்தார். காலத்தில் போவது என்றால் அம்மாவாசைக்குச் சொல்லித்தர வேண்டுமா? மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறக்கிற நிலையத்துக்கு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏழே காலுக்குப் போய்விட்டார்.

அங்கே அளவு எடுக்கிறவனாக உட்கார்ந்திருந்தவன் கோவிந்தராசு. அம்மாவாசையின் பெண்சாதி செல்வாம்பாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. முன்பு மில்லில் அம்மாவாசையிடம்தான் தொழில் கற்றான். அவரோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவன். அவனை அங்கே பார்த்ததும் அம்மாவாசைக்கு மகளின் கால் பாதி நிமிர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

“யாரு, மாமாவா! இன்னா மாமா, பாப்பாவத் தூக்கினு வந்துட்ட? உக்காரு உக்காரு” என்றான் கோவிந்தராசு. “இது நம்ம ஆபீசுன்னு நெனச்சிக்க.”

நம்ம ஆபீசில் உயரம் அளக்கிற மரம் ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்தது. அந்த நாட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்ததால் அதில் நூற்று முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே கோடே கிடையாது. வசந்தாவின் தலை கோட்டுக்கு எட்டவில்லை. கோட்டுக்கு எட்டாத பிள்ளைகளை ‘வருகை தரவில்லை’ என்று எழுத வேண்டும் என்பது சுற்றறிக்கை. கண்ணெதிரே நிற்கிற பிள்ளையை வரவில்லை என்று எழுதினால் எப்படி என்று அம்மாவாசை கேட்டார்.

“அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம் மாமா” என்று கோவிந்தராசு ஒரு பலகைக்கட்டையை எடுத்துப் போட்டான். கட்டை பத்து சென்டிமீட்டர். அதன் மேல் ஏறி நின்றதும் வசந்தா நூற்று முப்பத்திரண்டு ஆனாள். கட்டையைக் கழிப்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை. நிலையம் தொடங்கிய முதல் மாதத்திலேயே முத்தியால்பேட்டைப் பிள்ளைகள் தலைக்குப் பத்து சென்டிமீட்டர் வளர்ந்ததாக டில்லிக்கு அறிக்கை போனது. அங்கிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது.

பிறகு முப்பத்திரண்டு படி. மரபு அதிகாரி ஆறடி உயரம். தம்முடைய உயரத்தைத் தாமே உழைத்துச் சம்பாதித்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிள்ளையை அவர் பார்க்கவில்லை. அம்மாவாசையையும், மறுநாள் செல்வாம்பாளையும் வரவழைத்து நிற்கவைத்து அளந்தார். தகப்பன் நூற்று ஐம்பத்தைந்து, தாய் நூற்று நாற்பத்திரண்டு. கூட்டி, கழித்து, வகுத்தார்.

“இந்தப் பெண் குட்டை இல்லை” என்றார். “உங்க ரெண்டு பேருக்கும் இவள் சரியான அளவுதான். இதுல நிலையம் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை.”

“கால் வளைஞ்சிருக்குதுங்களே.”

“வளைவு கீழே இருக்கிற பிரிவு. நான் உயரம் மட்டும்தான் பார்க்கிறேன். மரபுக் குட்டைக்குப் பால் கொடுத்தா பால் வீண். ஊட்டக் குட்டைக்குத்தான் கொடுக்கலாம். நீங்க எந்தக் குட்டை?”

அம்மாவாசைக்குத் தான் எந்தக் குட்டை என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு வயது வரை ஒரே குட்டைதான் இருப்பதாக நினைத்திருந்தார்.

“உங்க அப்பா என்ன உயரம்?”

“செத்துப்போயிட்டாருங்க.”

“அது உயரம் இல்லை. ஆதாரம் கொண்டுவாங்க.”

செத்துப்போன மனுஷனின் உயரத்துக்கு வேறு ஊரில் யாரிடமும் ஆதாரம் இருக்காது. புதுச்சேரியில் இருந்தது. அம்மாவாசையின் தகப்பன் முருகையன் சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் கொஞ்ச காலம் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்தவர். பென்ஷனுக்கு வேண்டிய வருஷம் முடியுமுன்னே உடம்பு சரியில்லாமல் திரும்பி வந்து, மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது போய்ச் சேர்ந்தார். ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக் குடியுரிமை என்று அறுபத்திரண்டில் ஊரே அலைந்தபோதும் அம்மாவாசைக்கு அந்த ஆறு மாதமும் மில்லில் ஷிப்ட் இருந்தது. அப்பாவின் பட்டாளப் புத்தகம் மட்டும் பெட்டியடியில் கிடந்தது. அதில் பெயர், பிறந்த வருஷம், பல் எத்தனை, உயரம் ஒரு மீட்டர் எழுபத்து மூன்று என்று துரை கைப்பட எழுதியிருந்தார்.

மரபு அதிகாரி புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரெஞ்சு எழுத்தைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். பதினைந்து நாளில் அம்மாவாசைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது.

‘தங்கள் தகப்பனார் 173. தாங்கள் 155. இடையில் 18 சென்டிமீட்டர் காணாமல் போயுள்ளது. இது மரபினால் அன்று, தாங்கள் வளரும் பருவத்தில் போதிய உணவு உண்ணாமையால் நேர்ந்தது என நிலையம் முடிவு செய்கிறது. எனவே நிவாரணத்துக்கு உரியவர் தங்கள் மகள் அல்ல, தாங்களே. ஆயினும் பதினெட்டு வயதைக் கடந்தோர் தகுதியற்றவராவர். தாங்கள் 1949-ஆம் ஆண்டிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். காலதாமதத்துக்கு உரிய விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் அனுப்பவும்.’

ஊர் சிரிக்கும்படியான கடிதம்தான். ஆனால் அம்மாவாசை சிரிக்கவில்லை. வாழ்க்கையில் அவரைப் பார்த்து ஒருவர் நீ பிந்திவிட்டாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவமானமாக இருந்தது. 1949-இல் தனக்குப் பதின்மூன்று வயது என்றும், நிலையம் அப்போது திறக்கவில்லை என்றும், திறந்திருந்தால் நிச்சயம் வந்திருப்பேன் என்றும் கார்டு எழுதிப் போட்டார்.

கார்டைப் போட்ட கையோடு கோவிந்தராசுவிடம் போய் நின்றார். கோவிந்தராசு கடிதத்தைப் படித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மாடில இருக்கறவன் கெடக்கறான் மாமா. எனக்குத் தொழில் குடுத்தவன் நீ. நான் பாத்துக்கறேன். பாப்பா பேர லிஸ்டுல போட்டுட்டேன், போ. மாசாமாசம் மொதல் திங்கக்கெழம தவறாம கூட்டினு வந்துடு. வரிசைல பேரு வர்றப்ப பால்மாவு தானா வரும்.”

“எப்ப வரும்?”

“அடுத்த மாசம் வந்துடும். தவறிட்டீன்னா மட்டும் பேரு அடிபட்டுடும்.”

தவறுவதா? அம்மாவாசைக்கு அன்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய், “உன் தம்பி இருக்கான் செல்வாம்பா, கவலய வுடு” என்றார்.

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு கடலோரமாகவே நடந்து வைத்திக்குப்பத்தைத் தாண்டி, ஏழே முக்காலுக்கு நிலையத்து வாசலில் இருப்பார். நிலையத்தில் அவளை நிற்கவைத்து அளந்தார்கள், உட்காரவைத்து அளந்தார்கள், படுக்கவைத்து அளந்தார்கள். மூன்றும் ஒன்றாக வராதபோது சராசரி போட்டார்கள். மணிக்கட்டையும் முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு ஒரு படிவம். பால் என்பதற்கு எதிரே ‘குடித்தேன்’, ‘மிகுதியாகக் குடித்தேன்’ என்று இரண்டே கட்டங்கள். ரேஷன் அரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் என்று வசந்தா சொன்னபோது அதற்குக் கட்டம் இல்லாததால் ‘இதர சிற்றுண்டிகள்’ என்பதில் புள்ளி வைத்துக்கொண்டான் கோவிந்தராசு.

அவள் கண்ணெதிரே வேறு பிள்ளைகள் ஒரு தகரக் குவளையில் பால் வாங்கிக் குடித்தன. மஞ்சள் மாத்திரையும் வாங்கி விழுங்கின.

“எம் பேரு வந்திச்சாப்பா?” என்று திரும்பி வருகிற வழியில் கேட்பாள்.

“அடுத்த மாசம்னு மாமா சொல்லியிருக்காரும்மா.”

நாலாவது மாதம் ஒரு சங்கடம் வந்தது. எதிர்வீட்டில் எருமை வைத்திருந்தார்கள். செல்வாம்பாள் அங்கே சாணி அள்ளிப்போட்டு, கூலிக்குப் பதிலாகத் தினம் அரைத் தம்ளர் பால் வாங்கி மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெகுளியான பிள்ளை, இதைப் படிவம் கேட்டபோது சொல்லிவிட்டது. கோவிந்தராசு பேனாவைக் கீழே வைத்தான்.

“இன்னா மாமா இப்பிடிப் பண்ணிட்ட? லிஸ்டுல இருக்கற பிள்ளைக்கு வீட்டுல தனியா பால் குடுக்கக் கூடாது. கணக்கு கெட்டுடும். மாடில தெரிஞ்சா பேர எடுத்துடுவாங்க.”

“அரைத் தம்ளர்தாம்பா.”

“அரையோ காலோ, நெலயத்துப் பாலு வர்ற வரைக்கும் ஒண்ணும் குடுக்காத. எம் மேல நம்பிக்க இல்லியா?”

வீட்டில் செல்வாம்பாள் சண்டை பிடித்தாள். “பெத்த பிள்ள வாயில ஊத்தற பாலு எவன் வூட்டுக் கணக்கக் கெடுக்குது? மூளை இருக்குதா உனக்கு?”

“ஆபீசுன்னா ஒரு மொற இருக்குது. உனக்கு இன்னா தெரியும்?” என்றார் அம்மாவாசை. “இன்னும் ஒரு மாசம் பொறுத்தா டின்னு டின்னா வருது. அரைத் தம்ளருக்கு ஆசைப்பட்டு அதக் கெடுத்துக்கறதா?”

பால் நின்றது. எருமைக்காரர் வீட்டுக்குத் தாமே போய், நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வைத்திக்குப்பத்தில் கன்னியம்மாள் என்று ஒரு மீன்காரி. மாதாமாதம் இவர்கள் போவதைப் பார்த்துப் பழக்கம். ஒரு திங்கட்கிழமை கூடைக்குப் பக்கத்தில் வசந்தா மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, காய்ந்த நெத்திலியை ஒரு கை அள்ளி அவளிடம் கொடுத்தாள்.

“இத முள்ளோட மென்னு தின்னு கண்ணு. எலும்புக்கு எலும்பு. இதுக்கு இன்னாத்துக்கு எக்ஸ்ரே?”

“வேணாம்மா, லிஸ்டுல இருக்குது பிள்ள” என்றார் அம்மாவாசை. மகள் வாய் வரைக்கும் கொண்டுபோன நெத்திலியைத் திருப்பிக் கொடுக்கவைத்தார். கன்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த லிஸ்டு என்று கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. லிஸ்டு என்றால் லிஸ்டுதான் என்று நினைத்திருந்தார்.

இப்படி ஒன்றல்ல இரண்டல்ல, மூன்று வருஷம். முப்பத்தாறு திங்கட்கிழமைகள். எண்பதில் வசந்தா பெரியவளானாள். அந்தச் செய்தியைச் செல்வாம்பாள் பதற்றத்தோடு சொல்லியனுப்பியபோது நிலையத்தில் எல்லோரும் மிகவும் மகிழ்ந்தார்கள். அதன்பிறகு எக்ஸ்ரே மாதம் இரண்டானது. எண்பத்தொன்று கடைசியில் ஒரு நாள் மரபு அதிகாரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்து, “மூடிவிட்டது. அழகாக மூடிவிட்டது” என்றார். டாக்டரம்மா சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல், ஏதோ நல்ல சேதி சொல்கிறாராக்கும் என நினைத்து அம்மாவாசை கையெடுத்துக் கும்பிட்டார்.

மகளுடைய கால்கள் மட்டும் நிமிரவே இல்லை. செம்பு நுழைந்த இடத்தில் இப்போது குடமே நுழையும் போலிருந்தது.

எண்பத்திரண்டு ஜனவரியில் ஆய்வு நிறைவு விழா. மொட்டைமாடியிலிருந்து வாசல் வரை சீரியல் பல்பு, நடுமுற்றத்தில் பந்தல், டில்லியிலிருந்து இரண்டு பெரியவர்கள். நிலையத்தின் இயக்குநரே கையெழுத்துப் போட்டு, செல்வி வசந்தா குடும்பத்துடன் வந்து மேடையில் சிறப்பிக்கப்பட வேண்டும் என்று அழைப்பு அனுப்பியிருந்தார். பேர் வந்தாயிற்று என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். செல்வாம்பாள் டின்களைக் கட்டிக்கொண்டு வரப் பெரிய பை ஒன்று கொடுத்தனுப்பினாள்.

வசந்தாவைப் பந்தலில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அம்மாவாசை நேரம் இருந்ததால் கண்காட்சி வைத்திருந்த கூடத்துக்குள் போனார். சுவர் நெடுக இரண்டிரண்டாகப் படங்கள். நடுவே ஆளுயரத்துக்கு ஒரு ஜோடி. இடதுபக்கம் நேரான கால்களோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். வலதுபக்கப் படத்தில் யாரென்று தெரியாதபடி கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். கண்ணை மறைத்தால் பெற்றவனுக்குப் பிள்ளை தெரியாமல் போய்விடுமா? அந்தப் பாவாடை அவர் தீபாவளிக்கு எடுத்தது. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

‘இடம்: பட்டியல் அ. மூன்றாண்டு ஊட்டம் வழங்கப்பட்டவர். வலம்: பட்டியல் ஆ. ஒப்பிடும் பொருட்டு, மூன்றாண்டும் ஏதும் வழங்கப்படாமல் பராமரிக்கப்பட்டவர்.’

ஒரு தடவை படித்துப் புரியவில்லை. மூன்றாவது தடவை புரிந்தது. கோவிந்தராசு மாலைகளை எண்ணிக்கொண்டிருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“எம் பொண்ணு எந்த லிஸ்டுடா?”

கோவிந்தராசு மாலையைக் கீழே வைக்கவில்லை. “ஆ லிஸ்டு மாமா.”

“அந்த லிஸ்டுக்குப் பாலு எப்ப?”

“அந்த லிஸ்டுக்குப் பாலு கெடயாது மாமா. எப்பவுமே கெடயாது. குடுக்காத பிள்ள எப்பிடி ஆவுதுன்னு பாக்கறதுக்குத்தான் அது.”

“யார்றா அதுல போட்டது?”

“நான்தான்.” அவன் அழுகிறானா என்று பார்த்தார். அழவில்லை. நியாயம் சொல்கிற முகத்தோடுதான் இருந்தான். “பாலு வாங்கற குடும்பம் பாலுக்காக வந்துடும் மாமா. ஒண்ணுமே குடுக்காம மாசாமாசம் வரணும்னா எவன் வருவான்? நாலாவது மாசம் நின்னுடுவாங்க. விடாம வர்ற குடும்பமா நாப்பது பிடிச்சிக் குடுத்தாதான் வேலய நெரந்தரம் பண்ணுவேன்னாங்க. எனக்கு ஒன்ன வுட்டா யாரு தெரியும்? நீதான் சங்குக்கு முந்தி நிக்கற ஆளாச்சே. மத்தவங்களயெல்லாம் தேடிப் பிடிச்சேன். ஒன் பேரத்தான் யோசிக்காமயே மொதல்ல எழுதுனேன்.”

அம்மாவாசைக்கு அவனை அடிக்க வேண்டும் என்று இருந்தது. கை எழவில்லை. இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றி வைத்திருந்த ஒரே பெருமையை எடுத்து, அதாலேயே தன் பிள்ளையின் காலை ஒடித்துவிட்டான் என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வெளியே ஒலிபெருக்கியில் இயக்குநர் பேசத் தொடங்கிவிட்டார்.

“பெரியோர்களே! பாலின் பெருமையைச் சொல்லப் பால் குடித்தவர்கள் மட்டும் போதாது. குடிக்காதவர்களும் வேண்டும். அந்த மகத்தான தியாகத்தை நாற்பது ஏழைக் குழந்தைகள் மனமுவந்து, அதாவது அவர்களுக்கே தெரியாமல் மனமுவந்து, செய்திருக்கிறார்கள்! நம்மிடம் பால்மாவு இல்லாமல் இல்லை. இதே கட்டடத்தின் கிடங்கில் முந்நூறு மூட்டை இருந்தது. எறும்பு தின்றது, எலி தின்றது. ஆனால் ஒரு கைப்பிடிகூடப் பட்டியல் ஆ-வுக்குப் போகவில்லை! இவ்வளவு நேர்மையான நிர்வாகத்தை நீங்கள் வேறெங்கே பார்க்க முடியும்? ஒரு தாய் களவாகப் பால் கொடுத்திருக்கிறார். அதையும் நம் ஊழியர் கோவிந்தராசு கண்டுபிடித்துத் தடுத்திருக்கிறார். எலும்பு வளர்வது மரபினாலா, ஊட்டத்தினாலா? மூன்று வருட ஆராய்ச்சியின் முடிவை இன்று உலகுக்கு அறிவிக்கிறேன். இரண்டினாலும்தான்!”

டில்லிப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அம்மாவாசை பந்தலை நோக்கி ஓடிவருவதற்குள் மகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வசந்தா எழுந்து படியைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

“மெதுவா நடந்து வாம்மா, மெதுவா” என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில், பரிவோடு. “எல்லோரும் பார்க்கட்டும்.”

எல்லோரும் பார்த்தார்கள். அவள் நடந்து போனாள். முப்பத்தாறு மாதம் தவறாமல் வந்ததற்காக அவளுடைய முழங்கால் எக்ஸ்ரேயைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். ஏதாவது பேசச் சொல்லி மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். பதினைந்து வயதுப் பெண், முன்னே பின்னே மைக்கைக் கண்டதில்லை. ஆனால் தயங்காமல் கேட்டாள்.

“எனக்கு இந்த மாசத்துலேருந்து பாலு உண்டா சார்?”

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, மூன்றாண்டு ஆகியும் ஆர்வம் குறையவில்லை” என்றார். மறுபடியும் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவே அம்மாவாசை மேடையேறி மகளைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. தகப்பனும் மகளும் உணர்ச்சிவசப்பட்டுப் போகிறார்கள் என்று அதையும் போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு பேரும் கடற்கரை ரோட்டுக்கு வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. செல்வாம்பாள் கொடுத்த வெறும் பை அவர் தோளில் தொங்கியது. இதற்குமேல் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. மகளை ஒரு கல்லின் மேல் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு லிஸ்டைச் சொன்னார். கோவிந்தராசு சொன்னதைச் சொன்னார். எலும்பு மூடிவிட்டது என்று அவர்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லும்போது மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டார்.

வசந்தா அழுவாள் என்று நினைத்தார். அவள் அழாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“எதிர்வூட்டுப் பால நிறுத்துனியே. அது?”

“அவந்தாம்மா நிறுத்தச் சொன்னான். படுபாவி, கூடவே இருந்து கழுத்தறுத்துட்டான். ஏமாத்திட்டாங்கம்மா நம்மள.”

“ஒன்ன ஏமாத்துனாங்கப்பா” என்றாள் வசந்தா. “எங்கிட்ட அவங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம் அடுத்த மாசம்னு நீதான் சொன்ன. அம்மா வேணாம்னப்பவும் நான் ஒம் பேச்சத்தான் கேட்டேன்.”

அவள் எழுந்து சட்டம் போட்ட படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வைத்திக்குப்பம் வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். இரண்டு தடவையும் தூக்கிக்கொள்ளலாம் என்று அம்மாவாசை அருகே போனார். இரண்டு தடவையும் அவள் வேண்டாம் என்று கையை விலக்கிக்கொண்டு, தானே நடந்து போனாள்.